‘ரெஃப்யூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் மறுப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று யாம் கூறியபோது, கழகச் செயலாளர் சிறிது தயங்கினார். கல்வி உரிமை பற்றியோ அண்ணலின் வாழ்வு பற்றியோ பேசலாகாதா என்று கேட்டார். அவ்விரண்டும் இச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன என்று விடை கூறி, ஒருவாறு இசைவு பெற்று இங்கு நிற்கின்றோம். ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சொற்களைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. அக்குற்றத்தைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இப்பேச்சுக்குக் காரணமானவர்கள் நம் மாலை வகுப்பு மாணவர் இருவர். பதினோராம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி, ‘ரெஃப்யூட்’ என்னும் சொல்லுக்கு அகராதியில் ‘மறு’ என்று பொருள் காண்கிறது. ‘டினை’ என்னும் சொல்லுக்கும் ‘மறு’ என்றே காண்கிறது. ‘ரெஃப்யூஸ்’ என்பதற்கும் ‘மறு’ என்றே காண்கிறது. அப்படியானால் ஆங்கிலேயருக்கு மூன்று சொற்கள் எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. யாம் விடை கூறத் தொடங்குமுன், கல்லூரியில் முதலாண்டு பயின்றுகொண்டு வகுப்புக்கு உதவி செய்ய வரும் இளைஞன் ஒருவன் குறுக்கிட்டான். அவன் தங்கியிருந்த விடுதியில் உடன் பயிலும் ஒருவன், நீ சலுகையில் வந்தவன், உன்னைப் போன்றவர்களை வேலையில் வைத்தால் அந்த அலுவலகமே உருப்படாது என்று பலர் முன்னிலையில் கூறினானாம். “நான் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன் ஐயா. நான் செய்தது ரெஃப்யூட் தானே?” என்று கேட்டான்.

யாம் ‘ஆம்’ என்றோம். அவன் முகத்தில் இருந்த வருத்தம் தீர வேண்டும் என்னும் எண்ணத்தால் அவ்வாறு கூறிவிட்டோம். அன்றிரவு வீடு திரும்பிப் படுத்த பின்னரே, கூறியது தவறு என்பது நெஞ்சில் தைத்தது. அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இந்த உரை.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ‘ரெஃப்யூட்’ என்பது இலத்தீன் மொழியின் ‘ரெஃபூதாரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. திருப்பி அடித்துத் தள்ளுதல், அடக்குதல் என்பன அதன் பொருள்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் புகுந்தபோது, ஏற்க மறுத்தல் என்னும் பொருளே இதற்கு இருந்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், ஒரு கூற்றைச் சான்று காட்டித் தவறென நிறுவுதல் என்னும் பொருள் நிலைபெற்றது. வெறும் ‘இல்லை’க்கும் ‘இது இன்ன காரணத்தால் பொய்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அச்சொல் கடந்த காலம் அது.

இதற்கு உடன்பிறந்த சொல் ஒன்று உண்டு. ‘கன்ஃப்யூட்’ என்பது. இலத்தீனில் ‘கொன்ஃபூதாரே’. இதன் பழம்பொருள் நம் தாய்மார்கள் அறிந்து மகிழத்தக்கது. பொங்கி வழியப் பார்க்கும் பானையை அடக்குதல் என்பதே அது. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து உரோமானிய நகைச்சுவை நாடகாசிரியர் டிட்டினியுஸ் என்பவரின் படைப்புகளில் எஞ்சிக் கிடக்கும் ஒரு துணுக்கில், கொதித்தெழும் பெரிய கொப்பரையைச் சமையற்காரன் ஓர் அகப்பையைக் கொண்டு அடக்கும் செயலுக்கு இச்சொல் வருகின்றது. அடித்தல் என்னும் பொருளுடைய ஒரு தொன்மையான வேரிலிருந்தே இவ்விரு சொற்களும் கிளைத்தன என்று கூறும் மொழியறிஞரும் உளர். எப்படியாயினும் அச்சமையற்காரனின் உருவம் எம் மனத்தை விட்டு அகலவில்லை. கம்பஞ்சோறு பொங்கி வரும்போது நம் வீட்டுப் பெண்கள் பானையை உடைப்பதில்லை. பானையைப் பார்த்துக் கூச்சலிடுவதும் இல்லை. அகப்பையை உள்ளே விட்டு ஒரு கிண்டு கிண்டுகிறார்கள், பொங்கல் அமர்ந்துவிடுகிறது. பொங்கி வரும் வாதத்துக்குள்ளே அகப்பையை விட வேண்டும். வெளியே நின்றுகொண்டு செய்யும் வேலை அன்று அது.

மூன்றாவது சொல் ‘ரிபட்’. இது பழைய பிரெஞ்சு மொழியின் வழியே வந்தது. ‘பூத்தே’ என்றால் இடித்துத் தள்ளுதல். அதனுடன் ‘மீண்டும்’ என்னும் முன்னொட்டு சேர்ந்தால் திருப்பி இடித்தல். ஆட்டுக்கிடாய் முட்டுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பட்’ என்னும் வினையும் இவ்வேரைச் சேர்ந்ததே. கரிசற்காட்டில் கிடை மறித்த ஆடுகளுக்கு இடையே வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. முட்ட வரும் கிடாய்க்கு எதிர்க்கிடாய் தலையைக் குனிந்து, காலை ஊன்றி, அதே நெற்றியில் மோதுகிறது. விலாவில் மோதுவது முட்டு ஆகாது.

இங்கிலாந்தின் பழைய நீதிமன்ற வழக்கில், இருதரப்பாரும் எழுத்து மூலம் மாறிமாறி உரைக்கும் படிகள் ஏழு இருந்தன. வழக்குரை, எதிருரை என்று தொடங்கி மேற்சென்றால் ஆறாம் படியில் எதிர்வழக்காடி தருவதற்கே ‘ரிபட்டர்’ என்று பெயர். ஏழு படிகள் ஏறி இறங்குவதற்குள் வழக்காடியின் செல்வம் எவ்வளவு கரைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தங்களில் அம்முறை ஒழிந்தது. சொல் மட்டும் சான்றுச் சட்டத்தில் தங்கிவிட்டது.

அது நம் வாழ்வைத் தொடும் இடமும் அங்கேதான் இருக்கிறது. சட்டத்தில் ‘அனுமானம்’ என்று ஒன்று உண்டு. ஒரு செய்தியை நீதிமன்றம் உண்மையென முதலில் வைத்துக்கொள்ளும்; மாறானது மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அது நிற்கும். எதிர்த்தரப்பார் சான்று காட்டி அதனைத் தகர்ப்பதற்கே ‘ரிபட்’ செய்தல் என்று பெயர். ஆகவே ஒரு வழக்கில், யார் முதலில் நம்பப்படுகிறார், யார் திருப்பி முட்ட வேண்டியவராகிறார் என்பதே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது திருத்தப்பெற்று 1976 நவம்பர் 19 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்றது. அதன் 12ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை; சட்டப் புத்தகத்தில் நான்கே வரிகள். இச்சட்டத்தின்படி குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாகச் செய்யப்பட்டிருந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மாறாக மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. இதன் சிறப்பைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம்.

தேநீர்க் கடையில் ஒருவருக்குக் குவளை தர மறுக்கிறார்கள் என்க. கிணற்றில் நீர் எடுக்க விடாது தடுக்கிறார்கள் என்க. தடுத்த செயலைச் சாட்சிகள் கண்டிருப்பார்கள், மெய்ப்பித்துவிடலாம். ஆனால் தடுத்தவருடைய மனத்துக்குள் இருந்த காரணத்தை எந்தச் சாட்சி கண்டான்? குவளை உடைந்திருந்தது, கடை மூடும் நேரம், அவன் மரியாதையின்றிப் பேசினான் என்று ஆயிரம் சொல்லலாம். இந்த ஆயிரத்தையும் அவமதிக்கப்பட்டவனே பொய்ப்பிக்க வேண்டும் என்றால் அவன் வழக்கு கதவருகிலேயே விழுந்துவிடும். 12ஆம் பிரிவு அச்சுமையை இடம் மாற்றியது. செயலை நீ நிறுவு. உன்னைத் தடுத்தவன் உன் சாதியை எண்ணித் தடுக்கவில்லை என்பதை அவன் நிறுவட்டும் என்றது. நூற்றாண்டுகளாக நாமே எல்லாவற்றுக்கும் விடை கூறிக்கொண்டிருந்தோம். விடை கூறும் முறை மற்றவருக்கும் வரும் என்று சட்டம் எழுதப்பட்ட நாள் சிறிய நாள் அன்று.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 8ஆம் பிரிவு இதே வழியில் வேறு சில அனுமானங்களை வகுத்தது. பின்னர் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவராயின், அவருடைய சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது சேர்ந்தது. ‘அவன் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது’ என்னும் பழைய விடையை ஒரே ஊரில், பக்கத்துத் தெருவில் வாழ்பவர் கூறுவதைக் கேட்டுச் சலித்தவர்களுக்கே இத்திருத்தத்தின் அருமை விளங்கும்.

சட்டத்தில் எழுதியதெல்லாம் நீதிமன்றத்தில் தானே நடந்துவிடும் என்று யாம் கூறவில்லை. கருநாடகத்தில் புதிதாகத் தோண்டப்பட்ட குழாய்க் கிணற்றில் நம்மவர் நீர் எடுப்பதை அச்சுறுத்தித் தடுத்த வழக்கொன்றில், கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. ஒரு குடம் தண்ணீருக்கு உச்ச நீதிமன்றம்வரை நடக்க வேண்டியிருந்தது.

இனி நம் தமிழுக்கு வருவோம். அந்த மாணவி கேட்டது நியாயமே. தமிழில் சோற்றை மறுப்பதும், களவை மறுப்பதும், கொள்கையை மறுப்பதும் ஒரே சொல்லால் நடக்கின்றன. ஆயினும் நம் இலக்கண ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பிய மரபியலில் கூறப்படும் முப்பத்திரண்டு உத்திகளுள், மறுதலையைச் சிதைத்துத் தன் துணிபை உரைத்தல் ஒன்று. சிதைத்தல் முதலில், துணிபு பின்னர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலோ இன்னும் நுட்பமாகச் செல்கிறது. நூலாசிரியன் கொள்ளும் மதங்கள் ஏழு என்று அது வகுக்கும். முதலாவது உடன்படுதல். இரண்டாவது மறுத்தல். மூன்றாவது, பிறருடைய மதத்தை முதலில் தான் மேற்கொண்டு பின்னர் அதனைக் களைதல்.

இரண்டாவதும் மூன்றாவதும் வெவ்வேறாக எண்ணப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். மறுத்தல் வேறு, களைதல் வேறு. இச்சூத்திரத்தைப் பல்லாண்டு படித்தும் ‘களைதல்’ என்ற சொல்லை யாம் ஆழ நோக்கியதில்லை. நோக்கச் செய்தவர், மேலே கூறிய இளைஞனின் பாட்டியார். அவன் விடுதியில் பட்ட அவமானத்தை விசாரிக்க அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவர் உளுந்துக் காட்டில் களையெடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பேரன் நடந்ததைக் கூறி, நான் இல்லையென்று சொல்லிவிட்டேன் என்றான். பாட்டியார் கால்களைக் கழுவிக்கொண்டே, “தலையக் கிள்ளிப் போட்டா ஆச்சா? அறுகு வேரு உள்ள கெடக்குல்லா. நாளைக்கி இன்னொருத்தன் அதையே சொல்லுவான்” என்றார்.

கரிசல் மண்ணின் களையை அறிந்தவர்களுக்கு அது புரியும். மழை பெய்து ஈரம் பிடித்த நாட்களில் அறுகும் கோரையும் மேலே ஒரு சாண்தான் தெரியும். கீழே கணுவிட்டுக் கிழங்கு கட்டி ஓடிக்கொண்டிருக்கும். அரிவாளால் மேலே அறுத்தால் பத்து நாளில் முன்னிலும் அடர்ந்து வரும். களைகொத்தி மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதற்கு முதலில் குனிய வேண்டும். எது பயிர், எது களை என்று அருகிருந்து பார்க்க வேண்டும். பவணந்தியார் கூறிய ‘பிறர் மதத்தை மேற்கொள்ளுதல்’ இக்குனிதலே என்று எமக்குத் தோன்றுகிறது. எதிராளி கூறுவது என்ன, எதனால் அவ்வாறு கூறுகிறான், அதற்கு அவன் நம்பும் ஆதாரம் எது என்று அவனுடைய இடத்தில் நின்று முழுவதும் பார்த்த பின்னரே வேரில் கொத்த முடியும்.

பழந்தமிழ்ச் சமயவாதிகள் இதனைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பதினான்கு சமயக் கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் முதலில் அக்கொள்கையாளர் வாயால் கூறுமாறு கூறிவிட்டே மறுக்கிறார். பௌத்த காவியமான குண்டலகேசிக்கு எதிராகச் சமண நூலான நீலகேசி எழுந்தது. இவ்விரு கதைகளிலும் வாதம் புரிபவர்கள் பெண்கள் என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்க. குண்டலகேசி ஊர் ஊராகச் சென்று, மணற்குவியலில் நாவல் மரக்கிளையை நட்டு, வாதிட வல்லவர் வந்து இதனை மிதிக்கட்டும் என்று அறைகூவியதாகப் பௌத்தக் கதை கூறும். அந்தக் குண்டலகேசிக் காப்பியம் இன்று நம்மிடம் இல்லை. சில பாடல்களே எஞ்சின. அவளை வென்றதாகக் கூறும் நீலகேசியோ முழுதும் கிடைத்து, 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தியால் பதிப்பிக்கப்பட்டது. எதிர்க்கட்சியின் நூல் வாழ்ந்து தன் நூல் மறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? குண்டலகேசி என்ன வாதிட்டாள் என்பதை அவள் பகைவர் வாயால் அறிய வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் பலருக்கு அந்த அளவு பேறுகூட வாய்க்கவில்லை.

பின்னாளில் இம்மரபு நலிந்தது. ‘கண்டனம்’ என்னும் வடசொல்லுக்குத் துண்டித்தல் என்பது பொருள். ஒரு வாதத்தைக் கூறு கூறாகப் பிரித்து அறுப்பதே கண்டனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்ததும் கண்டன நூல்கள் பெருகின. குடாரம் என்றும், நாராசம் என்றும், சண்டமாருதம் என்றும் ஆயுதங்களையும் புயலையும் பெயராகச் சூட்டிக்கொண்டு அவை வெளிவந்தன. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனலாமா என்று எழுந்த பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அதன்பின்னும் பல்லாண்டு ஓயவில்லை. அத்துண்டு நூல்களுள் சிலவற்றைப் படித்தவர்கள், பாடலை ஆராய்ந்த பக்கங்களைக் காட்டிலும் ஆளை இகழ்ந்த பக்கங்களே மிகுதி என்பதை அறிவர். இன்றோ ‘கண்டனம்’ என்றால் சுவரொட்டியில் வன்மையாகக் கண்டிப்பது மட்டுமே. அறுத்துக் காட்டும் சொல் அதட்டும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்திலும் இதுவே நேர்ந்திருக்கிறது. அமைச்சர் ஒருவர் குற்றச்சாட்டை ‘ரெஃப்யூட்’ செய்தார் என்று செய்தித்தாள் எழுதினால், பெரும்பாலும் அவர் ‘இல்லை’ என்று கூறினார் என்பதே பொருள். அகராதிகளும் வேறு வழியின்றி அப்பொருளைச் சேர்த்துவிட்டன. எமக்கு அது வருத்தமே. ஒரு கருவியின் பெயரை மற்றொன்றுக்கு வைத்தால், நாளடைவில் அக்கருவியையே மறந்துவிடுவோம்.

ஆளை இகழ்வது பற்றிக் கூறினோம். ஆங்கிலத்தில் தருக்க நூலார் வழங்கும் ‘எலெங்க்கஸ்’ என்னும் சொல்லும் மறுப்பையே குறிக்கும். அது கிரேக்கச் சொல். ஓமரின் காவியங்களில் அதற்கு அவமானம், இழிவு என்பதே பொருள். போரில் தோற்றவன் அடையும் வெட்கம் அது. சில நூற்றாண்டுகள் கழித்துச் சாக்ரடீசின் காலத்தில், வினாவின்மேல் வினா எழுப்பி ஒருவர் கூற்றைச் சோதித்தல் என்னும் பொருளுக்கு அது உயர்ந்தது. வெட்கப்படுத்துதல் என்பதிலிருந்து சோதித்தல் என்பதற்குச் சென்ற அப்பயணம் கிரேக்கர் அறிவுக்குப் பெருமை தருவது. நம் நாட்டில் அப்பயணம் முடியவில்லை. ஒருவன் கூறுவதற்கு விடை இல்லாதபோது அவன் பிறப்பைச் சுட்டுவது எவ்வளவு எளிய வழி என்பதை இந்த அவையில் இருப்பவர்களுக்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வழியை எதிர்கொண்டு களைந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியிலிருந்து சென்ற அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, எல்லார்க்கும் பொது என்று கூறப்படும் சிவன் கோயிலிலும் விட்டுணு கோயிலிலும் எம்மவரை விடாதது ஏன் என்று வினவினார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்திருந்த ஒருவர், உங்களுக்கென்று காட்டேரி, கருப்பண்ணன் முதலிய சாமிகளைக் கொடுத்திருக்கிறோமே, சிவனும் விட்டுணுவும் உங்களுக்கு உரியவர் அல்லர் என்னும் கருத்தில் விடை கூறினார். அவையில் நகைப்பும் எழுந்திருக்கக் கூடும். பண்டிதர் சினந்து வெளியேறவில்லை. அப்படியாயின் உங்கள் சாமிகள் எமக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி கொடுங்கள், ஊர்களில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்.

இதனைப் பவணந்தியார் வகுத்த மூன்றாம் மதத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிகளில் கற்பிக்கலாம். எதிராளி கூறியதை அவர் மறுக்கவே இல்லை, அதனை மேற்கொண்டார். சாமி உன்னுடையது என்றாய். சரி, உன்னிடமே இருக்கட்டும். ஆனால் அரசாங்கத்தின் பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் யாருடைய குலசொத்து? இகழ்ச்சியாக எறிந்த கல்லே படிக்கல்லாயிற்று. நான்காம் வகுப்புவரை என்று அன்று கேட்ட கோரிக்கையின் வழியில்தான், நம் கழகத்தின் மாலை வகுப்பும் இன்று நடைபெறுகிறது.

அடுத்த ஆண்டு, 1893இல், இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். இது இந்தியர் அனைவரின் விருப்பம் என்றும் கூறப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், அத்தேர்வு இங்கே நடந்தால் அதிகாரம் சாதி இந்துக்கள் கைக்கே செல்லும் என்று அஞ்சி, அக்கோரிக்கையை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். மனுவின் நீளம் 112 அடி, கையெழுத்துகள் 3412. அவர் நிலைப்பாட்டைச் சரியென்பாரும் தவறென்பாரும் இன்றும் உளர்; தம் மக்களுள் எழுத அறிந்தவர் எவ்வளவு சிலராக இருந்த காலம் அது என்று எண்ணும்போது, எமக்கு அந்த நீளமே வியப்பாக இருக்கிறது. ‘அனைவரும்’ என்னும் சொல்லை மறுக்க 3412 பேர் வந்து நின்றார்கள்.

அண்ணல் அம்பேத்கரிடம் வருவோம். 1936இல் இலாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அவரைத் தலைமையுரை ஆற்ற அழைத்து, உரையின் படியைக் கண்டதும் அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அவர் அதனைத் தம் செலவில் ‘சாதி ஒழிப்பு’ என்னும் பொருள்படும் நூலாக அச்சிட்டார். காந்தியடிகள் தம் ‘அரிசன்’ இதழில் அதனை மறுத்து எழுதினார். அண்ணல் என்ன செய்தார்? 1937இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், காந்தியடிகளின் மறுப்பையும் சேர்த்து அச்சிட்டு, அதற்குத் தம் விடையை அடுத்துவைத்தார். தம்மை எதிர்த்த எழுத்தைத் தம் காசில் அச்சேற்றித் தம் வாசகர் கையிலேயே கொடுத்தார். வேரைக் காட்டாமல் களை எடுத்தேன் என்று அவர் கூறவில்லை.

1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதார் பற்றிய நூலில் அவர் மேற்கொண்ட முறையும் நோக்கத்தக்கது. தீண்டாமைக்கு இனவேறுபாடே காரணம் என்று ஸ்டான்லி ரைஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதியிருந்தார். மனிதரின் மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து இனம் பிரிப்பது அக்கால வழக்கம். அண்ணல் அந்த அளவுகோலைப் பழிக்கவில்லை. அதே அளவுகளை எடுத்து அடுக்கிக் காட்டி, பார்ப்பனரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனம் என்றே உங்கள் அளவுகள் கூறுகின்றன என்றார். மூக்கை அளந்து இனம் காணும் முறையே பொருளற்றது என்று இன்றைய அறிவியல் தள்ளிவிட்டது. ஆயினும் எதிராளியின் நெற்றியிலேயே முட்டுவது எவ்வாறு என்பதை அங்கே காணலாம்.

இப்போது நம் இளைஞனிடம் திரும்புவோம். சலுகையில் வந்தவர்களை வேலையில் வைத்தால் அலுவலகம் உருப்படாது என்பது அவன் கேட்ட பேச்சு. அதற்குள் இருப்பது ஒரு கூற்று; இகழ்ச்சியை நீக்கிவிட்டுப் பார்த்தால் சோதிக்கத்தக்க கூற்று. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மிகுந்தால் நிறுவனத்தின் ஆக்கம் குறையும் என்பதே அது. நம் கோவில்பட்டி நிலையத்தைக் கடந்து செல்லும் இரயில்வேயிலேயே அச்சோதனை நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வெய்ஸ்காஃபும் இந்திய இரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து, 2014இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இந்தப் பிரிவினர் பங்கு மிகுந்ததால் ஆக்கம் குறைந்தது என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உயர்நிலைப் பணிகளில் அவர்கள் பங்கு மிகுந்த இடங்களில் ஆக்கம் சற்றுக் கூடியே இருந்ததாகச் சில கணிப்புகள் காட்டின. ஒரே துறையைப் பற்றிய ஓர் ஆய்வு இது. எல்லாத் துறைக்கும் இதுவே முடிந்த முடிபு என்று யாம் கூறினால், நாமும் வெறும் அதட்டலில் இறங்கியவராவோம். ஆனால் ‘உருப்படாது’ என்றவன் என்ன சான்று வைத்திருக்கிறான் என்று இனி அவனைக் கேட்கலாம். சுமை இடம் மாறிவிட்டது.

இதனை அந்த இளைஞனிடம் கூறி, அன்று ‘ஆம்’ என்றது எம் பிழை என்றும் ஒப்புக்கொண்டோம். நீ செய்தது மறுத்தல்; அதில் தவறில்லை; இகழ்ந்தவன் முன் ‘இல்லை’ என்று நிமிர்ந்து சொல்லவே நெஞ்சுரம் வேண்டும்; களைதல் இனிமேல்தான் என்றோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “ஐயா, அவன் அப்படிச் சொன்னப்ப எனக்கு இந்த ஆய்வு தெரிஞ்சிருந்தாலும் வாயில வந்திருக்காது. நெஞ்சு அடைச்சுப் போச்சு” என்றான்.

அதுவும் உண்மையே. சாக்ரடீசை மறுத்தவர்கள் எவரும் அவர் சாதியைக் கேட்டதில்லை. நெஞ்சடைத்தவன் வாதிட முடியாது என்பதனை எந்தத் தருக்க நூலும் எழுதிவைக்கவில்லை. ஆகையால் மாலை வகுப்பில் ஞாயிறுதோறும் வாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். விதி ஒன்றே ஒன்று. பேச எழுபவர், முதலில் எதிர்க்கட்சியின் கருத்தை எதிர்க்கட்சியினரே ‘ஆம், நாங்கள் கூறுவது அதுதான்’ என்று தலையசைக்குமளவும் எடுத்துக் கூற வேண்டும். அதன்பின்னரே தம் விடையைத் தொடங்கலாம். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு இது மிகக் கசந்தது. தம்மை இகழும் கருத்தைத் தம் வாயால் தெளிவாக எடுத்துக் கூறுவது கசக்கத்தானே செய்யும்? முதல் ஞாயிறு ஒரு பெண் பாதியில் அமர்ந்துவிட்டாள். மூன்றாம் ஞாயிறு அவளே எழுந்து, நடுங்காத குரலில், எதிர்க்கட்சியார் மறந்துவிட்ட வாதம் ஒன்றையும் அவர்கள் சார்பில் சேர்த்துக் கூறிவிட்டுத் தன் விடையைத் தொடங்கினாள். ‘ரெஃப்யூட்’ என்பதற்கும் ‘டினை’ என்பதற்கும் வேறுபாடு கேட்ட பெண் அவள்தான்.

தன் சொற்குறிப்பேட்டில் அவள் மூன்று சொற்களையும் வரிசையாக எழுதி, முதலாவதற்கு எதிரே ‘வாங்க மாட்டேன் என்பது’ என்றும், இரண்டாவதற்கு எதிரே ‘இல்லை என்பது’ என்றும், மூன்றாவதற்கு எதிரே ‘வேரோடு எடுப்பது’ என்றும் குறித்திருக்கிறாள். தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்டாள். அதற்கு மட்டும் எம்மால் உறுதி கூற இயலவில்லை. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி உண்டு; பெற்றோரும் வந்து அமர்ந்து கேட்கலாம்.